கோப்பியால் வரைவதும் சாயமிடுவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு மாடியில் சனிக்கிழமை பின்னேரங்களில் ஏழெட்டுப் பேர் கூடிக் கோப்பியால் படம் வரைகிறோம். சிலர் துணிக்குச் சாயமும் போடுகிறார்கள். புதிதாக வருகிறவர்கள் கேட்பதும் தொலைபேசியில் விசாரிக்கிறவர்கள் கேட்பதும் அநேகமாக ஒரே கேள்விகள்தான். இதுவரை வாயால் சொல்லிவந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். கொழும்பின் புழுக்கத்திலும் கடற்காற்றிலும் செய்து பார்த்துத் தெரிந்துகொண்டவை இவை. நுவரெலியாவில் இருப்பவருக்கே சில விஷயங்கள் மாறும்.

கடையில் நல்ல நீர்வண்ணம் கிடைக்கும்போது ஏன் கோப்பி?

ஒரே ஒரு நிறம்தான் இருக்கிறது என்பதுதான் முதல் காரணம். பச்சையா நீலமா என்ற யோசனை இல்லாதபோது கண் வெளிச்சத்தையும் நிழலையும் மட்டும் பார்க்கத் தொடங்குகிறது. இரண்டு மூன்று வருடம் வண்ணத்தில் வரைந்தும் முகத்தில் மூக்கின் நிழல் பிடிபடாத ஒருவருக்கு, கோப்பியில் நான்காவது படத்திலேயே அது பிடிபட்டது.

அந்த ஒரே நிறத்துக்குள் எத்தனை படிகள் என்பது அடுத்த காரணம். கோப்பிக் கொட்டையை வறுக்கும்போது அதிலுள்ள சர்க்கரையும் புரதக் கூறுகளும் சூட்டில் சேர்ந்து மெலனோய்டின் என்ற பழுப்புப் பொருட்களாக மாறுகின்றன. பாணின் மேல்தோல் சிவப்பதும் இதே வேலைதான். அந்தப் பழுப்பை நீர் விட்டு நீட்டினால் வைக்கோல் நிறம். நீரைக் குறைத்தால் கறுப்புக்குப் பக்கத்தில் போய் நிற்கும்.

மூன்றாவது காரணம் நம்முடைய கதை. அதற்குக் கீழே தனியாகவே ஒரு கேள்வி இருக்கிறது.

எந்தக் கோப்பித்தூள் நல்லது? வீட்டில் இடித்த தூள் சரிவருமா?

தொடங்குகிறவர்களுக்கு உடனடிக் கோப்பிதான். நெஸ்கஃபே மாதிரி, நீரில் முழுதாகக் கரைந்துவிடும் எதுவும் சரி. சீனியும் பால்மாவும் கலந்த 'த்ரீ இன் வன்' பக்கற் மட்டும் வேண்டவே வேண்டாம். அது காயாது, பிசுபிசுக்கும், ஒரே இரவில் எறும்பு வரிசை கட்டும்.

நம் வீடுகளில் மல்லியும் சுக்கும் சேர்த்து வறுத்து இடிக்கும் தூள் குடிக்க அருமை, படத்துக்கு அவ்வளவாக ஒத்துவராது. கரையாத துகள் பிரஷில் ஏறும், கொட்டையின் எண்ணெய் கடதாசியில் வட்டம் வட்டமாக ஊறும். பிடிவாதமாக அதைத்தான் பயன்படுத்துவேன் என்றால் கெட்டியாகக் காய்ச்சி, மெல்லிய துணியில் இரண்டு தரம் வடித்து, ஆறவிட்டு, மேலே மிதப்பதை எடுத்துவிட்டுப் பாவியுங்கள். சிவப்பு கலந்த மிக மென்மையான ஒரு பழுப்பு வரும். வயதானவர்களின் தோலை வரைய எனக்கு அந்த நிறம்தான் பிடிக்கும்.

எவ்வளவு நீர் விடுவது?

ஒரு தேக்கரண்டி தூளுக்கு ஒரு மேசைக்கரண்டி சுடுநீர். இதுதான் தாய்ச்சாறு. பிறகு நான்கு சின்னக் கிண்ணங்களை வரிசையாக வைத்து, முதலாவதில் தாய்ச்சாற்றை அப்படியே விடுங்கள். இரண்டாவதில் அதில் கொஞ்சம் எடுத்து அதேயளவு நீர், மூன்றாவதில் இரண்டாவதிலிருந்து எடுத்து அதேயளவு நீர், நான்காவதும் அப்படியே. படத்தைத் தொடமுன் அதே கடதாசியின் ஓரத்தில் நான்கையும் பூசிக் காயவிட்டுப் பாருங்கள். ஈரத்தில் கறுப்பாகத் தெரிவது காய்ந்ததும் வெளிறிவிடும்.

தாய்ச்சாற்றைக் கடதாசியில் தடிப்பாக வைத்தால் காய்ந்தபின் மினுங்கும். அழகாகத்தான் இருக்கும். ஆனால் மழைக்காலத்தில் மறுபடி பசையாகி, மேலே வைத்த தாளோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டு மூன்று துளி கருவேலம்பிசின் கரைசல் விட்டால் பிடிப்புக் கூடும். என்றாலும் கறுப்பான இடங்களைத் தடிப்பான ஒரே பூச்சாக இல்லாமல், மெல்லிய பல பூச்சுகளாகக் கட்டுவதுதான் நல்லது.

எந்தக் கடதாசி?

300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) நீர்வண்ணக் கடதாசி, கொஞ்சம் சொரசொரப்பானது. பிரிஸ்டல் மட்டை நெளியும். புறக்கோட்டையில் காகிதாதிப் பொருட்கள் விற்கும் கடைகளில் பெரிய தாளாக வாங்கி நான்காக வெட்டினால் செலவு குறையும். நான்கு ஓரத்தையும் பலகையில் டேப் போட்டு ஒட்டி, முழுதாகக் காய்ந்தபின் உரியுங்கள்.

இரண்டாவது பூச்சுப் போடும்போது கீழே இருப்பது கரைந்து வருகிறது. என்ன பிழை விடுகிறேன்?

பிழை ஒன்றும் இல்லை, கோப்பியின் குணம் அது. காய்ந்தாலும் நீர் பட்டால் மறுபடி கரையும். அதனால் முதல் பூச்சு தொட்டால் குளிராத அளவுக்குக் காயவேண்டும். மழை நாளில் இதற்கு ஃபேனுக்குக் கீழேயே அரை மணித்தியாலம் போகும். பிறகு பிரஷை ஒரே இழுப்பில் இழுத்து எடுத்துவிடுங்கள். திரும்பத் திரும்பத் தேய்த்தால்தான் கீழே உள்ளது கிளம்பும்.

இதே குணம் உதவியாகவும் இருக்கிறது. ஈரமாக்கிய காதுப் பஞ்சுக்குச்சியால் ஒற்றி எடுத்தால் கண்மணியின் வெளிச்சப் பொட்டு, வெள்ளிக் குவளையின் விளிம்பு எல்லாம் திரும்ப வரும். பால்நிற வெள்ளை வராது, வெளிறிய தேன் நிறம்தான் வரும். சுத்த வெள்ளை வேண்டிய இடத்தை முதலிலிருந்தே தொடாமல் விட்டுவிடுங்கள்.

பூஞ்சணம் பிடிக்காதா?

பிடிக்கும். எனக்குப் பிடித்தது. நான் மனதார விரும்பிய முதல் படம், என் அப்பம்மாவின் கைகள். அதை பிரேம் போடக் கொடுத்தபோது கண்ணாடி படத்தின்மேல் நேரே பட்டுக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. கடற்பக்கச் சுவரில் மாட்டினேன். ஒரு மழைக்காலம் முடிந்து கழற்றிப் பார்த்தபோது விரல்கள் மேல் சாம்பல் நிறப் புள்ளிகள். எவ்வளவு துடைத்தும் போகவில்லை. அன்றைக்கு நான் அழுதேன். அதன்பிறகு கற்றுக்கொண்டவை இவை:

சாற்றை அன்றன்றைக்குக் கரையுங்கள். கரைத்து வெளியில் வைத்தது இரண்டு மூன்று நாளில் மேலே ஆடை கட்டும். குளிர்சாதனப் பெட்டியில் மூடி வைத்தால் ஒரு கிழமை வரை தாங்கும். மணம் மாறினால் ஊற்றிவிடுங்கள்.

படம் முடிந்ததும் பெட்டிக்குள் வைக்க அவசரப்படாதீர்கள். மூன்று நான்கு வெயில் நாட்கள் நிழலில், காற்றோட்டமாகத் தொங்கட்டும். பிறகு நிறத்தைப் பிடித்துவைக்கும், நீர்வண்ணங்களுக்கான ஃபிக்ஸேட்டிவ் தெளிப்பை மொட்டைமாடியில், காற்று வராத நேரம் பார்த்து, மெல்லிசாக இரண்டு தரம் அடியுங்கள். பக்கத்தில் வைத்து அடித்தால் சொட்டுப் பட்டுக் கோப்பி ஓடிவிடும்.

பிரேமுக்குள் படத்தைச் சுற்றி மட்டைச் சட்டம் வைத்து, கண்ணாடிக்கும் படத்துக்கும் இடைவெளி விடச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு வராமல் பக்கத்தில் நின்று பாருங்கள். கடலுக்கு முகம் காட்டும் சுவரிலும் குளியலறை ஒட்டிய சுவரிலும் மாட்டவேண்டாம்.

அப்பம்மாவின் கைகளை மறுபடி வரைந்தேன். இரண்டாவது படம் முதலாவதைவிட நன்றாக வந்தது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு முதலாவதுதான்.

நிறம் எத்தனை வருடம் நிற்கும்?

நேர் வெயில் பட்டால் சில மாதத்திலேயே மெல்லிய பூச்சுகள் வெளிறத் தொடங்கும். வெயில் படாத சுவரில், புறஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடிக்குப் பின்னால் பல வருடம் நிற்கும். கோப்பி கொஞ்சம் அமிலத் தன்மை உள்ளது. மலிவுக் கடதாசியும் அப்படியே, சேர்ந்தால் தாள் மஞ்சளாகும். அமிலமற்ற கடதாசி என்று கேட்டு வாங்குங்கள். படம் முடிந்த கையோடு நல்ல தரத்தில் ஸ்கேன் எடுத்து வைத்துவிடுங்கள்.

எதை வரைவது? பூவும் கோப்பையும் அலுத்துவிட்டது.

நான் மிக அதிகமாகக் கதைக்கும் கேள்வி இது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்கு இலங்கை என்றால் தேயிலை. ஆனால் எங்கள் முன்னோர் மலைக்கு வந்தது தேயிலைக்காக அல்ல, கோப்பிக்காக. 2023இல் 'மலையகம் 200' என்று நினைவுகூர்ந்தோமே, அந்த இருநூறு வருடக் கணக்கு 1823இல் கம்பளைப் பக்கம் தொடங்கிய கோப்பித் தோட்டத்திலிருந்துதான் தொடங்குகிறது. தமிழ்நாட்டிலிருந்து கடல் தாண்டித் தலைமன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். அதே வழியை 2023இல் எத்தனையோ பேர் மறுபடி நடந்தார்கள். என் அப்பாவின் ஊர் மாத்தளை. அந்தப் பாதையைக் கோப்பியால் வரைவதற்கும் அக்ரிலிக்கால் வரைவதற்கும் உள்ள வித்தியாசத்தை நான் விளக்கத் தேவையில்லை.

கொழும்புக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. மலையிலிருந்து கோப்பிக் கொட்டை தோலோடு மாட்டுவண்டிகளில் இங்கே இறங்கியது. களங்களில் காயப்போட்டு, தோல் நீக்கி, அளவு வாரியாகப் பிரித்தார்கள். பிறகு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஒவ்வொரு கொட்டையாகப் பொறுக்கித் தரம் பிரித்தார்கள். அதற்குப் பிறகுதான் கப்பல். கண்டிக்கு 1867இல் ரயில் ஓடத் தொடங்கியதற்கும் கோப்பி ஏற்றும் தேவைதான் பெரிய காரணம். புறக்கோட்டைத் தெருவில் இன்று மூட்டை தூக்குகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு அந்தக் களங்கள்தான் ஞாபகத்துக்கு வரும். அந்தப் பெண்களின் குனிந்த முதுகுகளை நாங்கள் ஒரு தொடராக வரைந்தோம். முகம் இல்லை, முதுகும் கையும் மட்டும்.

அப்புறம் நோய். 1869இல் கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் தூளாக ஒரு பூஞ்சை கண்டார்கள். ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர். 1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் விஞ்ஞானி இங்கிலாந்திலிருந்து அதை ஆராய வந்தார். காரணத்தைக் கண்டுபிடித்தார், தோட்டங்களைக் காப்பாற்ற வழி கிடைக்கவில்லை. சில ஆண்டுகளில் கோப்பி சரிந்து தேயிலை மேலே வந்தது. செத்துப்போன கோப்பி மரங்களின் தண்டை இங்கிலாந்துக்கு ஏற்றி, தேநீர் மேசைகளுக்குக் கால் கடைந்தார்கள் என்று அந்தக் காலத்தைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். கைவினை என்று பார்த்தால் நம் நாட்டுக் கோப்பியின் பழைய கைவினை அதுதான் போல.

எங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை அந்த இலையை வரைந்தாள். இலை முழுக்கக் கோப்பி, நோய்ப் புள்ளிகள் மட்டும் பிசினில் குழைத்த காவி. முதலில் மஞ்சள்தூள் போட்டுப் பார்த்தோம், வெளிச்சத்தில் சீக்கிரமே மறைந்துபோனது. காவி மண், அதனால் நிற்கிறது. இத்தனை வருட வகுப்பில் என்னை அதிகம் அசைத்த படம் அது.

வரலாறு பாரமாக இருந்தால் வேண்டாம், வெளியே போங்கள். காலி வீதிச் சைவக் கடையில் பால் கோப்பியை ஆற்றுகிறவரின் உயர்ந்த கையும் தாழ்ந்த கையும், நடுவில் அந்தக் கயிறு மாதிரி இறங்கும் கோப்பியும் ஒரு முழு மாதம் வரையக்கூடிய விஷயம். முதலில் அவரிடம் கேளுங்கள்: "அண்ணை, உங்களை வரையலாமா?" இதுவரை ஒருவரும் எனக்கு மாட்டேன் என்று சொன்னதில்லை. வான் கோ 1888இல் ஆர்ல் நகரத்துக் கோப்பிக் கடையின் வாசலை இரவில் வரைந்தார். அவர் பார்த்ததும் அவர் தெருவில் இருந்த ஒரு கடையைத்தான்.

துணிக்குச் சாயம் போடுவது எப்படி?

பருத்தி, பட்டு, கம்பளி மூன்றும் பிடிக்கும், பொலியெஸ்டர் பிடிக்காது. பருத்திக்கு முன்வேலை வேண்டும். துணியைச் சவர்க்காரத்தில் கொதிக்கவைத்துக் கஞ்சியையும் எண்ணெய்ப் பசையையும் நீக்குங்கள். பிறகு கடுக்காய்த் தூள் கரைத்த நீரில் ஒரு இரவு. பிழிந்து காயவைத்து, துணியின் எடையில் பத்தில் ஒரு பங்கு படிகாரம் கரைத்த வெந்நீரில் ஒரு மணித்தியாலம். கடுக்காயும் படிகாரமும் புறக்கோட்டை கபோஸ் லேன் மருந்துச் சரக்குக் கடைகளில் கிடைக்கும்.

சாயத்துக்குப் புதுத்தூள் வீண். கோப்பிக் கடைகளில் கேட்டால் பிழிந்த சக்கையைத் தருவார்கள். அன்றைக்கே வெயிலில் பரப்பிக் காயவைக்காவிட்டால் மறுநாள் பூஞ்சணம். துணியின் எடையைப்போல் இரண்டு மடங்கு காய்ந்த சக்கையை எடுத்து, ஒரு மணித்தியாலம் காய்ச்சி வடித்து, அதில் துணியை மெல்லிய சூட்டில் ஒரு மணித்தியாலம் வைத்து, அதே நீரில் இரவு முழுக்க ஊறவிடுங்கள். மண் பழுப்பு வரும். துருப்பிடித்த ஆணிகளை வினாகிரியில் ஒரு கிழமை ஊறவைத்து, அந்த நீரில் கொஞ்சம் விட்ட வாளியில் துணியை முக்கினால் பழுப்பு சாம்பலாகத் திரும்பும். சில நிமிடம்தான், கூட வைத்தால் இரும்பு துணியை அரித்துவிடும். இந்தச் சட்டியைச் சமையலுக்குத் திரும்ப எடுக்காதீர்கள்.

பற்றிக் போடத் தெரிந்தவர்கள் மெழுகு வைத்த துணியைக் காய்ச்ச முடியாது என்பதை ஞாபகம் வையுங்கள். ஆறிய சாற்றில், ஊறும் நேரத்தைக் கூட்டித்தான் செய்யவேண்டும். நிறம் மென்மையாகத்தான் வரும்.

கோப்பிக் கொட்டையாலும் சக்கையாலும் பொருட்கள் செய்யலாமா?

சக்கை, கோதுமை மா, உப்பு சேர்த்துப் பிசைந்து உருவம் செய்வது பல இடங்களில் சொல்லித்தரப்படுகிறது. உப்பு ஈரத்தை இழுப்பதால் கொழும்பில் அது ஒரு மாதத்தில் தளர்ந்துவிடும். நான் நிறுத்திவிட்டேன். பேர்லினில் 2015இலிருந்து காஃபிஃபோர்ம் என்ற நிறுவனம் சக்கையை அழுத்திக் கோப்பைகள் செய்கிறது. அதற்கு இயந்திரமும் பிணைப்புப் பொருளும் வேண்டும், வீட்டு வேலை அல்ல.

வறுத்த கொட்டையைத் துளையிட்டால் உடையும். மாலை கோர்க்க வறுக்காத கொட்டையை எடுத்து, ஊறவைத்து, மெல்லிய ஊசித் துளையிட்டு, பிறகு மிதமாக வறுத்து வார்னிஷ் பூசுங்கள். சாக்குகளை வீணாக்கவேண்டாம். கோப்பி வரும் சணல் சாக்கு படத்துக்குப் பின்னணியாகவும் பையாகவும் நன்றாக இருக்கும்.

கோப்பிக் கடைகளில் பால்நுரையில் இலை போடுகிறார்களே, அதுவும் நீங்கள் சொல்லித்தருவீர்களா?

இல்லை. அது பரிஸ்டாக்களின் கலை. பாலை நீராவியில் 60 முதல் 65 பாகை வரை சூடாக்கி, கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய நுரை எழுப்பி, கையசைவால் வரைகிறார்கள். அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் டேவிட் ஷோமர் அதைப் பரப்பினார். பாலின் அளவால் நிறத்தைப் படிப்படியாக மாற்றலாம் என்பதை மட்டும் நாமும் எடுத்துக்கொள்ளலாம். சிட்னியில் 2009இல் 3,604 கோப்பைக் கோப்பியில் வெவ்வேறு அளவு பால் விட்டு அடுக்கியே மோனா லிசாவைக் காட்டினார்கள்.

கோப்பியால் புகைப்படம் கழுவலாம் என்பது உண்மையா?

உண்மை. கோப்பியில் உள்ள காஃபிக் அமிலம், காரம் (சோடா போன்றது) சேர்த்தால், கறுப்பு வெள்ளைப் படச்சுருளைக் கழுவும். 1995இல் அமெரிக்காவின் ரொச்செஸ்டர் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஒரு வகுப்பில் இது பிறந்தது, காஃபெனோல் என்று பெயர். இப்போது உடனடிக் கோப்பி, சலவைச் சோடா, விட்டமின் சி மூன்றையும் கலக்கிறார்கள். நாற்றம் கொடுமை. லயனல் வென்ட் போன்ற பெரிய புகைப்படக் கலைஞர் வாழ்ந்த ஊர் இது. பழைய கமரா வைத்திருக்கும் இளையவர்கள் ஒருதரம் செய்து பார்க்கவேண்டும் என்பது என் ஆசை.

பிள்ளைகளுக்குப் பாதுகாப்பானதா?

வரைவதற்கு ஆம், பிரஷை வாயில் வைக்காத வயது வந்திருந்தால் போதும். கிண்ணத்தில் இருப்பது கெட்டியான கோப்பி, குடிக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லுங்கள். படிகாரம், ஆணித் தண்ணீர் வேலைகள் பெரியவர்களுக்கு மட்டும். உடுப்பில் பட்டால் உடனே குளிர்நீரில் அலசுங்கள்.

இந்தப் படங்களை விற்க முடியுமா?

முடியும். கிரீன் பாத் நடைபாதையில் ஓவியர்கள் படங்களைப் பரப்பி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 1993இலிருந்து வருடாவருடம் நடக்கும் கலாபொல என்ற ஓவியச் சந்தையும் அங்கேதான். எங்களில் இருவரின் படங்கள் அந்த நடைபாதையில் விலைபோயிருக்கின்றன. படத்தின் பின்னால் 'கோப்பி, கடதாசி மேல்' என்று எழுதி, வெயிலில் மாட்டவேண்டாம் என்பதையும் எழுதிவிடுங்கள். வாங்குகிறவரிடம் இதை மறைக்கக் கூடாது. வெளிறுமே என்று ஒருவர் விலகிப்போனால் போகட்டும். தெரிந்து வாங்குகிறவர் அந்தப் படத்தைப் பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொள்வார்.

வகுப்புக்கு என்ன கொண்டுவர வேண்டும்?

ஒரு பழைய துவாய், இரண்டு பிரஷ் (ஒன்று தடிப்பு, ஒன்று நுனி கூரானது), கொஞ்சம் காதுப் பஞ்சுக்குச்சி. வீட்டில் பழைய குடும்பப் படம் இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள். கடதாசியும் கோப்பித்தூளும் என்னிடம் இருக்கின்றன. மழை என்றாலும் வாருங்கள், ஃபேன் இருக்கிறது.